அலை தள்ள, மின்சாரம் ஓட...

அகமதாபாத் விமான நிலையத்தைத் தாண்டி, இந்திரா பாலத்தில் சாபர்மதியைக் கடந்து காந்திநகர் நோக்கிப் போனால் பாட் என்ற கிராமம் வருகிறது. மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. நம் சங்கத்து அன்பர்களில் பலர் அந்தச் சாலையில் போய்வருகிறவர்கள். "அங்கே குட்டிச் சூரியன் செய்கிறார்களாமே, அதிலிருந்து எப்போது சார் கரண்ட் வரும்?" என்று பொங்கல் விழாவிலும் நவராத்திரி கொலுவிலும் என்னை மடக்காதவர்கள் குறைவு. என் பதில் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். "அதிலிருந்து கரண்ட் வருவதற்கு முன்னால், அதற்குள்ளே கரண்ட் நிற்காமல் ஓட வேண்டும். இப்போதைக்குப் பெரும்பாடு அதுதான்!"

நான் விஞ்ஞானி அல்ல. இந்த மாநிலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் காயில் சுற்றும் பிரிவிலும் சோதனைப் பிரிவிலுமாக 31 வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்தக் குட்டிச் சூரியனின் நடுவே நிற்பதும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். அந்த உறவின் பேரில் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதையைச் சுருக்கமாக முடித்து விடுகிறேன். இலேசான இரண்டு அணுக்கருக்கள் ஒட்டிக்கொண்டு கனமான ஒன்றாகும்போது சக்தி வெளிப்படுகிறது. சூரியனில் நடப்பது இதுவே. பூமியில் இதற்கு ஏற்ற எரிபொருள், ஹைட்ரஜனின் உடன்பிறப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும். அவை இணைய வேண்டுமானால் சுமார் 15 கோடி டிகிரி சூடு வேண்டும். சூரியனின் நடுமையத்திலேயே ஒன்றரைக் கோடி டிகிரிதான்! அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் வேறு, அணுக்கருக்கள் வேறு என்று பிரிந்து, மின்னூட்டம் கொண்ட ஆவியாகத் திரியும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. ரத்த வங்கியில் கேட்கும் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.

இதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? காந்தப்புலத்தைத்தான் பாத்திரமாக்க வேண்டும். மின்னூட்டம் உள்ள துகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அந்தக் கோட்டின் வழியே ஓடுமே தவிர, குறுக்கே எளிதில் தாண்டாது. நேரான குழாயானால் இரண்டு முனையிலும் ஒழுகிவிடும். ஆகவே குழாயை வளைத்து முனையோடு முனை சேர்த்து விட்டார்கள். கிடைத்த வடிவம் நம் மெதுவடை! வடையின் உடம்பைச் சுற்றி, துளைக்குள் நுழைத்து நுழைத்து நூல் சுற்றினாற்போல் காயில்களை அடுக்கினால், வடைக்குள் காந்தக் கோடுகள் வட்டமாக ஓடும். 1950களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் டாம், சகாரோவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கொடுத்த யோசனை இது. டோக்கமாக் என்ற பெயரும் ருஷ்ய மொழிச் சொற்களின் சுருக்கம்தான்.

ஆனால் இந்த வட்டக் கோடுகள் மட்டும் போதாது. வடையின் துளைப் பக்கம் காயில்கள் நெருக்கமாகவும் வெளிப்பக்கம் விலகியும் இருப்பதால், புலம் உள்ளே வலுவாகவும் வெளியே மெலிந்தும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வினால் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அணுக்கருக்கள் எதிர்ப்பக்கமும் மேலும் கீழுமாக விலகி, மொத்தப் பிளாஸ்மாவும் கண் இமைப்பதற்குள் சுவரில் போய் மோதிவிடும். இதற்கு மருந்து, காந்தக் கோட்டுக்கு ஒரு முறுக்குக் கொடுப்பது. ஊரில் தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஒரு புரி மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வருகிறதல்லவா? காந்தக் கோடும் அப்படி வடையைச் சுற்றிச் சுற்றி ஓடினால், மேலே இருக்கும்போது நேர்ந்த விலகல் கீழே வரும்போது சரியாகிவிடும். அந்த முறுக்கை எது தரும்? பிளாஸ்மாவுக்குள்ளேயே வட்டமாக ஓடும் மின்னோட்டம் தரும். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழும் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதுதான்.

ஆக, பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம்தான் பிளாஸ்மாவைக் கட்டி வைத்திருக்கும் கயிறு. மின்னோட்டம் நின்றால் முறுக்கு அவிழும். முறுக்கு அவிழ்ந்தால் பிளாஸ்மா கலைந்து போகும். வீட்டுக் கீசர் 10 ஆம்பியர்கூட இழுப்பதில்லை. பாட் நிறுவனத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய 'ஆதித்யா' டோக்கமாக்கில் ஓடுவது ஒரு லட்சம் ஆம்பியர் அளவில். பிரான்சில் இந்தியாவும் பங்காளியாகச் சேர்ந்து பல நாடுகள் கட்டிவரும் 'இட்டர்' டோக்கமாக்கில் ஓட வேண்டியது ஒன்றரைக் கோடி ஆம்பியர்!

இனி என் தொழில் விஷயம். 15 கோடி டிகிரியில் இருக்கும் வஸ்துவுக்கு ஒயர் கோத்து மின்சாரம் அனுப்ப முடியாது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் தத்துவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வடையின் துளைக்குள் செங்குத்தாக நிற்கும் பெரிய காயில்தான் பிரைமரி. பிளாஸ்மா வளையமே செகண்டரி, அதுவும் ஒரே ஒரு சுற்று. பிரைமரியில் மின்னோட்டத்தை மாற்றினால் செகண்டரியில் வோல்டேஜ் எழும்பும், பிளாஸ்மாவில் மின்சாரம் ஓடும். அருமையான ஏற்பாடு. ஆனால் 'மாற்றினால்' என்ற சொல்லில்தான் வில்லங்கம்.

நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரவு பகலாக ஓடுவது எப்படி? உள்ளே வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை போய் வருகிறது, மாற்றம் ஓய்வதே இல்லை. டோக்கமாக்கில் அப்படிச் செய்ய முடியாது. முறுக்கு ஒரே பக்கமாக இருக்க வேண்டும் என்பதால் பிளாஸ்மாவின் மின்னோட்டமும் ஒரே திசையில் ஓட வேண்டும். அதற்குப் பிரைமரியின் மின்னோட்டம் ஒரே திசையில் மாறிக்கொண்டே போக வேண்டும். எதுவரை போகும்? காயில் எவ்வளவு தாங்குமோ அதுவரை. எல்லையைத் தொட்டதும் மாற்றம் நிற்கும், வோல்டேஜ் போகும், பிளாஸ்மாவும் அணையும். தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்போம், டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. கொடுக்காதே, அதனிடம் டி.சி. கேட்காதே என்று. இந்த விஞ்ஞானிகள் கேட்பது சாட்சாத் அந்த டி.சி.யைத்தான்!

இட்டரின் நடுக்காயில் 13 மீட்டர் உயரம், ஏறத்தாழ 1000 டன் எடை. அவ்வளவு பெரிய பிரைமரி இருந்தும், முழு மின்னோட்டத்தில் 500 மெகாவாட் இணைவுச் சக்தி தருவதற்குத் திட்டமிட்டிருக்கும் நேரம் 400 நொடி அளவுதான். பிறகு நிறுத்தி, காயிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி தொடங்க வேண்டும். பரிசோதனைக்கு இது போதும். ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையம் அடிக்கடி நின்று நின்று எரிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுவர் குளிரும், மறுபடி காயும். காந்தங்கள் இழுபட்டுத் தளரும். உலோகம் எதனால் களைக்கிறது என்று கேட்டால் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்த எவரும் சொல்வார், சூட்டைவிடச் சூடு ஏறி இறங்குவதுதான் கொல்லும் என்று. ஐரோப்பியர் தங்கள் அடுத்த கட்ட மாதிரி நிலையத்தை இரண்டு மணி நேரத் தவணைகளாக ஓட்டலாம் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். முடியாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கட்டாயத்துக்குச் செய்துகொண்ட சமாதானமாகவே நான் பார்க்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எலெக்ட்ரான்களை ஓட்ட வேறு வழி இல்லையா? 1978இல் நதானியேல் ஃபிஷ் என்ற அமெரிக்கர், 'பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு வழி சொன்னார். ரேடியோ அலைகளை ஒரே திசையில் அனுப்பி எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடலாம் என்பது அது. அலையால் தள்ளலாம் என்பது அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். எந்த எலெக்ட்ரானைத் தள்ளுவது என்பதில்தான் அவர் புதுமை செய்தார்.

லால் தர்வாஜா பஸ் நிலையத்தில் புறப்பட்டுவிட்ட பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவர்களைக் கவனியுங்கள். சும்மா நிற்கிறவனால் அது முடியாது, பஸ் அவனைத் தாண்டிப் போய்விடும். பஸ்ஸோடு கூடவே ஓடி, ஏறத்தாழ அதே வேகத்துக்கு வந்தவன்தான் கம்பியைப் பிடிப்பான். பிடித்த பிறகு பஸ் அவனை இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அலைக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள உறவு இதுவே. அலையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் எலெக்ட்ரான் அலையிடமிருந்து சக்தி வாங்கிக்கொள்கிறது. சற்று அதிகமாக ஓடுவது சக்தியைக் கொடுத்துவிடுகிறது. குறைவாக ஓடுகிறவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், மொத்தத்தில் அலை தேய்ந்து எலெக்ட்ரான்கள் வேகம் பெறும். லெவ் லண்டாவ் என்ற ருஷ்ய மேதை 1946இல் கண்ட உண்மை இது.

அப்படியானால் அலை எந்த வேகத்தில் போக வேண்டும்? மெதுவாகப் போகும் அலையே சிக்கனம் என்றுதான் அதுவரை பலர் நினைத்தார்கள். மெதுவாக ஓடுகிறவனைக் கொஞ்சம் தள்ளச் செலவு குறைவு. ஏற்கெனவே வேகமாக ஓடுகிறவனை அதே அளவு தள்ளச் சக்தி அதிகம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் செலவும் இரண்டு மடங்கு. கணக்கு சரிதான். ஆனால் ஃபிஷ் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். தள்ளிவிட்ட எலெக்ட்ரான் எவ்வளவு நேரம் அந்த ஓட்டத்தை வைத்திருக்கும்? பிளாஸ்மாவில் வேகமான எலெக்ட்ரான் மற்றவற்றோடு மோதுவது அபூர்வம். வேகம் இரண்டு மடங்கானால் மோதல் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே கொடுத்த தள்ளு எட்டு மடங்கு நேரம் நிற்கும். செலவு இரண்டு மடங்கு, பலன் எட்டு மடங்கு, நிகர லாபம் நான்கு மடங்கு! கூட்டத்தில் பெரும்பான்மையான மந்தமான எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு, முன்னால் ஓடும் சிலரைப் பிடி என்பதே அந்தக் கட்டுரையின் சாரம். இவ்வளவு எளிய கணக்கை மற்றவர்கள் பார்க்காமல் விட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இரண்டு வருஷத்தில், 1980இல், ஜப்பானில் ஜே.எஃப்.டி.-2 என்ற டோக்கமாக்கில் இது நடக்கும் என்று காட்டிவிட்டார்கள். 1982 வாக்கில் பிரின்ஸ்டன் ஆய்வகத்தின் பி.எல்.டி. இயந்திரத்தில், டிரான்ஸ்ஃபார்மரின் உதவி இல்லாமல் அலையை மட்டும் கொண்டு சில நொடிகள் மின்னோட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் டிரையம் என்ற சிறு இயந்திரம் 2003இல் 5 மணி 16 நிமிடம் பிளாஸ்மாவை அணையாமல் காத்தது. அதில் அடர்த்தியும் மின்னோட்டமும் மிகக் குறைவு. ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மரின் எல்லை ஒரு விதி அல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அலையை ஒரே திசையில் ஓட வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு பல்பும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைவதால் ஒளி ஓடுவதாகத் தெரிகிறது. இங்கேயும் அதே தந்திரம். உலோகக் குழாய்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அலை பக்கத்துக் குழாயைவிடச் சற்றுப் பிந்தி எழும்பி விழும்படி விட்டால், பிளாஸ்மாவின் ஓரத்தில் அலை ஒரு திசையில் ஓடும். பிந்தும் அளவை மாற்றினால் அலையின் வேகமும் மாறும். இந்தக் குழாய் வரிசை பார்ப்பதற்கு ஜன்னல் கிரில் மாதிரியே இருக்கும். விஞ்ஞானிகளும் அதைக் 'கிரில்' என்றே சொல்கிறார்கள்.

பாட் நிறுவனத்தின் இரண்டாவது டோக்கமாக்கான எஸ்.எஸ்.டி.-1க்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. அலையின் அதிர்வு 3.7 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 370 கோடி தடவை. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் 245 கோடி. பங்காளிகள் என்றே சொல்லலாம். ஆனால் அடுப்பு தருவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. இங்கே கிளைஸ்ட்ரான் என்ற வெற்றிடக் குழல் ஒவ்வொன்றும் 500 கிலோவாட், இரண்டும் சேர்ந்து 1 மெகாவாட். இதில் என்னைக் கவர்ந்தது அதன் மின் விநியோகம். கிளைஸ்ட்ரானுக்குப் பல்லாயிரம் வோல்ட் டி.சி. வேண்டும். உள்ளே பொறி தட்டிவிட்டால் 10 மைக்ரோநொடி அளவுக்குள் சப்ளையைத் துண்டித்தாக வேண்டும். தாமதித்தால் பெரும் விலையுள்ள குழல் பாழ். நாங்கள் ஒரு பிரேக்கர் 50 மில்லிநொடியில் விழுந்தாலே தட்டிக்கொடுப்போம்!

கிரிலுக்கும் ஒரு தலைவலி உண்டு. இந்த அலை வெட்டவெளியில் பரவாது. பிளாஸ்மா ஓரளவு அடர்த்தியாக இருக்கும் இடத்தில்தான் அதற்கு உயிர். ஆகவே கிரிலின் முகத்தைப் பிளாஸ்மாவின் ஓரத்துக்குக் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் கொண்டுபோய் வைக்க வேண்டும். எட்டி வைத்தால் அலை திரும்பி வந்துவிடும், கிட்ட வைத்தால் முகம் தீய்ந்துவிடும். தோசைக் கல்லில் கை படாமல் தோசை திருப்புகிற கதை. இதைவிடப் பெரிய சங்கடம், உலை அளவுக்குச் சூடான, அடர்ந்த பிளாஸ்மாவில் இந்த அலை மையம் வரை போகாமல் வெளி வட்டத்திலேயே கரைந்துவிடுகிறது என்பது.

அதற்கு வேறொரு வழி இருக்கிறது. 1980இல் ஃபிஷ்ஷும் ஆலன் பூசர் என்பவரும் சேர்ந்து சொன்னது. இதில் யாரையும் முன்னால் தள்ளுவதே இல்லை! கோயில் பிரகாரத்தில் பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் நெரிசலில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமம் என்பதால் மொத்தத்தில் ஓட்டம் இல்லை. இப்போது வலமாகப் போகிறவர்களில் சிலருக்கு மட்டும் யார் மீதும் இடிபடாமல் போகும் சாமர்த்தியம் வந்துவிட்டால்? இடமாகப் போகிறவர்கள் இடிபட்டுத் தடைபட, வலப்பக்க ஓட்டம் மிஞ்சும். எலெக்ட்ரான்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும் அதிர்வுக்குப் பொருந்திய அலையைச் சாய்த்து விட்டால், ஒரு திசையில் போகும் எலெக்ட்ரான்கள் மட்டும் குறுக்குவாட்டில் சூடாகின்றன. சூடானவை மோதுவது குறைவு. பழைய கணக்கே மறுபடி வேலை செய்கிறது. இதில் தள்ளும் திறன் முதல் முறையைவிடக் குறைவு. ஆனால் குறி தப்பாது. வேண்டிய இடத்தில், விரல் வைத்தாற்போல் மின்னோட்டம் சேர்க்கலாம். பிளாஸ்மாவுக்குள் காந்தக் கோடுகள் அறுந்து தீவு தீவாகச் சுருண்டுகொள்ளும் நோய் ஒன்று உண்டு. அந்தத் தீவுக்குள்ளேயே அலையைப் பாய்ச்சி அதை அடக்குகிறார்கள். இட்டருக்கான கருவிக்குப் பெயர் கைரோட்ரான். அதிர்வு 170 கிகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 1 மெகாவாட். அலை வெளியே வரும் ஜன்னலுக்குக் கண்ணாடி தாங்காது. செயற்கை வைரத்தால் வில்லை செய்து பொருத்துகிறார்கள். இட்டரின் முதல் திட்டப்படி 24 கைரோட்ரான்களில் 2 இந்தியாவின் பங்கு.

இனி விலைக்கு வருவோம். நம்மவர்களுக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் "என்ன செலவாகும்?" என்பதுதானே கேள்வி! ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவின் அடர்த்தியை (ஒரு கன மீட்டரில் 1க்குப் பின் 20 சைபர் எலெக்ட்ரான்கள் இருந்தால் அடர்த்தி 1 என்று கொள்ளலாம்), வளையத்தின் ஆரத்தை மீட்டரில், மின்னோட்டத்தை மெகா ஆம்பியரில் எழுதி மூன்றையும் பெருக்குங்கள். பெரிய டோக்கமாக்குகளில் இந்த முதல் முறை காட்டியிருக்கும் திறன் சுமார் 0.3. பெருக்கி வந்ததை 0.3ஆல் வகுத்தால் எத்தனை மெகாவாட் அலை வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.-1க்குப் போட்டுப் பார்த்தேன். அடர்த்தி 0.1, ஆரம் 1.1 மீட்டர், வடிவமைப்பு மின்னோட்டம் 0.22 மெகா ஆம்பியர். சிறிய இயந்திரங்களில் திறன் குறைவு என்பதால் 0.3க்குப் பதில் 0.1 என்றே வைத்தாலும் கால் மெகாவாட்டுக்குள் முடிகிறது. இருப்பது 1 மெகாவாட். தாராளம். இட்டருக்குப் போடுங்கள். அடர்த்தி 1, ஆரம் 6.2, மின்னோட்டம் 15. பெருக்கினால் 93, வகுத்தால் 310 மெகாவாட்! கிளைஸ்ட்ரான் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் பாதியைத்தான் அலையாக்கும். அப்படியானால் மின்வாரியத்திடம் 600 மெகாவாட்டுக்கு மேல் கேட்க வேண்டும். இணைவில் வருவதோ 500 மெகாவாட் வெப்பம். இட்டர் மின்சாரம் தயாரிக்கும் நிலையம் அல்ல. தயாரித்தாலும் அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு தேறும். வரவு எட்டணா, செலவு நாலு ரூபாய் என்றால் எந்த வியாபாரி கடை நடத்துவான்? நம் குஜராத்தி நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் சிரிப்பார்கள்.

இங்கேதான் இயற்கை ஒரு கை கொடுக்கிறது. 1971இல் இங்கிலாந்தின் கல்லம் ஆய்வகத்தைச் சேர்ந்த மூவர், வெளியிலிருந்து யாரும் தள்ளாமலே பிளாஸ்மாவில் ஒரு மின்னோட்டம் தானாக எழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிளாஸ்மாவின் அழுத்தம் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. காந்தப்புலத்தின் ஏற்றத்தாழ்வில் சிக்கிக்கொண்ட துகள்கள் முழு வட்டம் போக முடியாமல் முன்னும் பின்னுமாக ஆடும். அவற்றின் பாதையைப் படம் போட்டால் அப்படியே வாழைப்பழ வடிவம்! விஞ்ஞானிகளே அதை வாழைப்பழப் பாதை என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே இருந்து ஆடி வருபவை அதிகம், வெளியே இருந்து ஆடி வருபவை குறைவு என்பதால் ஒரு திசையில் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம் மோதல்களின் வழியே மற்ற எலெக்ட்ரான்களுக்கும் தொற்றி மின்னோட்டமாகிறது. 1980களில் பிரின்ஸ்டனில் இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். ஆகவே இன்றைய திட்டம் எல்லாம், மின்னோட்டத்தில் பாதிக்கு மேல் இப்படித் தானாக எழும்படி பிளாஸ்மாவைச் சமைத்து, பற்றாக்குறையை மட்டும் அலையால் நிரப்புவதுதான். சம்பளம் போதாத வீட்டில் டியூஷன் வருமானம் மாதிரி. ஆனால் தானாக எழுவது அழுத்தம் சரியும் இடத்தில் எழுமே தவிர நாம் வேண்டும் இடத்தில் அல்ல. மின்னோட்டம் எங்கே கூட, எங்கே குறைய என்று ஒழுங்குபடுத்த அலை இல்லாமல் தீராது.

நம் ஊர் கதைக்கு வருகிறேன். பாட் நிறுவனத்தை உருவாக்கியவர் பிரெதிமான் கிரிஷன் காவ். ஐ.ஐ.டி. டெல்லியில் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது 18. 1970களின் பிற்பாதியில், ஃபிஷ்ஷின் கட்டுரை வந்த காலத்தில், காவும் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில்தான் இருந்தார். 1982இல் இந்தியா திரும்பி, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாஸ்மா திட்டத்தைத் தொடங்கினார். அது 1986இல் தனி நிறுவனமாயிற்று. ஆதித்யாவுக்குப் பிறகு அடுத்த இயந்திரத்தை மீகடத்திக் காந்தங்களோடு, 1000 நொடி ஓடும்படி வடிவமைத்தார்கள். எஸ்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்துகளின் பொருளே 'நிலையாக ஓடும் மீகடத்தி டோக்கமாக்' என்பதுதான். அந்த 1000 நொடிக்கு நம்பியிருந்தது இந்த 3.7 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான்.

முதல் தடவை பொருத்தியபோது காந்தங்களைக் குளிர்விப்பதில் சிக்கல் வந்து, பிரித்துச் சரிசெய்து, 2013 ஜூனில்தான் முதல் பிளாஸ்மா கிடைத்தது. பிறகு அலையின் உதவியோடு ஓட்டியும் பார்த்தார்கள். ஆனால் வெளியான முடிவுகள் நொடியின் பின்னங்களில் இருக்கின்றன. காவ் 2017இல் காலமானார். இதற்கிடையே சீனாவில் ஹெஃபெய் நகரத்து ஈஸ்ட் டோக்கமாக் 2021 டிசம்பரில் 1056 நொடியும், 2025 ஜனவரியில் 1066 நொடியும் ஓடியது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் டோக்கமாக் 2 மெகாவாட் அலைச் சக்தியோடு 1337 நொடி, அதாவது 22 நிமிடத்துக்கும் மேல் ஓடி அதை முந்தியது. நாம் முன்கூட்டியே சரியாக எழுதி வைத்த எண்ணை மற்றவர்கள் எட்டிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. யோசனையில் குறை இல்லை. பணமும், உதிரிபாகமும், இருபது வருஷம் ஒரே இயந்திரத்தின் மீது கண் வைத்திருக்கும் ஆட்களும் ஒருசேர வேண்டியிருந்தது. இதே குஜராத்தின் ஹசீராவில் செய்து கப்பலேற்றிய பாகங்களைக் கொண்டுதான், 3850 டன் எடையுள்ள இட்டரின் பிரம்மாண்டமான எஃகுக் கூடு பிரான்சில் உருவாகியிருக்கிறது. கைவேலையில் நாம் சோடை போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இட்டரின் புதிய கால அட்டவணைப்படி ஆராய்ச்சி ஓட்டம் 2034இல், டியூட்டீரியம்-டிரிட்டியம் ஓட்டம் 2039இல். அதிலும் மின்சாரம் ஊருக்கு வராது. ஆகவே "எப்போது கரண்ட் வரும்?" என்று கேட்பவர்களுக்கு, கேட்பவரின் பேரப்பிள்ளை வயதைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

அந்தப் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு தகவல். இந்த அலை வேலைக்கு இயற்பியல் படித்தவர்கள் மட்டும் போதாது. மைக்ரோவேவ், உயர் அழுத்த மின்சாரம், வெற்றிடம், கண்ட்ரோல் எல்லாம் தெரிந்த எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிகல் பிள்ளைகளும் வேண்டும். பாட் நிறுவனத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடக்கிறது. இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் ஜெஸ்ட் தேர்வு எழுதி டாக்டர் பட்டத்துக்குச் சேரலாம். நம் சங்கத்துப் பெற்றோர்கள் பிளஸ் டூ முடிந்ததும் கம்ப்யூட்டர் என்ற ஒரே கதவைத் தட்டுகிறார்கள். அகமதாபாத்திலும் காந்திநகரிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கிளைஸ்ட்ரானின் மின் விநியோகம் பற்றியோ டிரான்ஸ்ஃபார்மர் பற்றியோ சந்தேகம் கேட்க விரும்பும் பிள்ளைகள், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னைப் பார்க்கலாம்.